கோரைமங்கலத்துக் கதவு குறித்துத் தம்பிக்கு

நலம் நிலைபெறுக. மழை பிழையாதிருக்க. செய்யனாறு இருகரையும் நனைத்து ஓடுக. அதன் நீர் பாயும் ஊர்களில் எந்த வீட்டு உலையும் கொதிக்காமல் இறங்காதிருக்க.

செய்யனாற்று இருகரை நாட்டை முப்பத்தோராண்டு காத்து, அதில் பதினேழாண்டு போர்க்களத்திலும் எஞ்சியவற்றை வழக்குமன்றத்திலும் கழித்து, இன்று அரியணையின் மூன்று படி ஏறுவதற்கு ஒருவர் தோள் வேண்டி நிற்கும் கோ நெடுவேள் ஆதன், ஆனைமதில் அரண்மனையின் கீழைக் கூடத்திலிருந்து, தென்கரை மண்டலத்துக் காவலனும், குதிரைப்படைத் தலைவனும், முந்நூறு ஊர்களுக்குக் குடைநிழலும், நம் தாய் வயிற்றில் நமக்குப் பின் பிறந்தவனுமாகிய இளவேள் எழினிக்கு விடுக்கும் திருமுகம்.

உன் மண்டலம் வாழ்க. உன் குதிரைகளின் குளம்பு நோய் நீங்கியதென்று கேட்டோம், மகிழ்ந்தோம். உன் மகளுக்குக் காது குத்திய செய்தியும் வெல்லமும் வந்து சேர்ந்தன. அவற்றோடு உன் விண்ணப்ப ஓலையும் வந்தது. வெல்லத்தை அன்றே உண்டோம். ஓலைக்கு மறுமொழி எழுத இருபத்திரண்டு நாள் ஆயிற்று. காலதாமதம் முதுமையால் என்று உன் அவையில் யாரேனும் சொன்னால் மறுக்காதே; பாதி உண்மை. மறு பாதியை இனிச் சொல்கிறோம்.

நீ வேண்டியது இது. ஆவணித் திங்களில் தென்கரையில் நீ பிறப்பித்த ஆணையை வடகரைக்கும் விரித்து, நாடு முழுவதற்கும் ஆக்கி, அதன்மேல் நம் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்றாய். அந்த ஆணை மூன்று வரி. வருவாய் இறை செலுத்தாத வீடுகளின் கதவில் விளக்கெண்ணெயில் குழைத்த கரியால் அகப்பை ஒன்று வரைக என்பது முதல் வரி. அக்குறியை அழிப்பவர் பன்னிரண்டு பணம் தண்டம் இறுக்க என்பது இரண்டாம் வரி. குறி பெற்ற வீட்டார்க்கு ஊர்க் காரியத்திலும் ஏரிக் காரியத்திலும் பங்கில்லை, வாரியத் தேர்வுக் குடத்தில் அவர்கள் ஓலை இடுதல் ஆகாது என்பது மூன்றாம் வரி. எழுத்து நன்றாயிருந்தது. உன் ஓலை எழுதுவான் கைவண்ணம் உள்ளவன்.

இந்த ஆணை எங்கே பிறந்தது என்பதையும் அறிவோம். வைகாசியில் உன் மாளிகையில் நிலக்கிழார்க்கும் வணிகர்க்கும் நீ அளித்த விருந்தில் பிறந்தது. நமக்கு மகவில்லை, தைத் திங்களில் நாட்டார் கூடி அடுத்த அரசனை அறிவிக்க இருக்கிறார்கள், அவர்களுள் பெரும்பாலோர் அன்று உன் பந்தியில் இருந்தார்கள். நெய்ச்சோறு முடிந்து வெற்றிலை வந்தபின் நீ எழுந்து சொன்னாய்: இந்நாட்டில் பத்துப் பேரில் அறுவர் வருவாய் இறை என ஒரு நாழி நெல்லும் அளப்பதில்லை, ஆனால் ஆடி பிறந்தால் அரண்மனைக் கஞ்சிக்குக் கலம் ஏந்தி நிற்கிறார்கள், நோய் வந்தால் அரண்மனை மருத்துவச் சாலையில் படுக்கிறார்கள், அகப்பை பிடித்தவன் எவனோ அவனே அவர்களுக்கு அரசன், அவர்களை எண்ணி நான் உறக்கம் கெடுவதற்கில்லை என்றாய். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அந்த வார்த்தை மூன்று நாளில் வடகரைச் சந்தைக்கு வந்துவிட்டது. ஊசியும் உப்பும் விற்கிறவன்கூட அதைச் சொல்லிச் சிரித்தான் என்று ஒற்றர் எழுதினார்கள். அவன் தானும் அந்த அறுவரில் ஒருவன் என்பதை அறியான்.

எண்களைக் கொண்டு உன்னோடு வாதிட விருப்பமில்லை. நல்ல வார்த்தை ஒன்று வாய்த்துவிட்டவனை எண் அசைத்ததை இந்த முப்பத்தோராண்டில் நாம் ஒருமுறையும் கண்டதில்லை. ஆயினும் எழுதாமல் விட்டால் கணக்குத் தெரியாதவன் என்பாய். அறுவர் வருவாய் இறை அளப்பதில்லை, உண்மை. அளக்க வேண்டாம் என்று சட்டம் செய்தவர் நம் தந்தை. ஆண்டுக்கு நூறு கலத்துக்குக் குறைந்த வருவாயுடையவனிடம் இறை கேட்டால் அவன் விதைநெல்லைத் தின்பான், மறு ஆண்டு அவனும் இரான் இறையும் இராது என்று அவர் சொன்னபோது நீ அவர் மடியில் இருந்தாய், நாம் அருகில் நின்றோம். அந்த அறுவர் உப்பு வாங்கும்போது உப்பாயம் தருகிறார்கள். தறி வைத்திருந்தால் தறியிறை தருகிறார்கள். ஆற்றைக் கடந்தால் துறைக்கூலி, சந்தைக்குப் போனால் சந்தைக்காசு, கோட்டைச் சுவர் இடிந்தால் ஆண்டில் முப்பது நாள் கூலியில்லா வெட்டிவேலை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அந்தச் சட்டியில் நெல் போட்டவர் யார் என்று உன் பந்தியில் ஒருவரும் கேட்கவில்லை.

தந்தை உனக்களித்த முப்பது ஊர்களும் இறையிலி ஆயிற்றே, உன் மாளிகைக் கதவில் குறி இட்டார்களா என்று நாம் கேட்கப் போவதில்லை. அது எளிய விளையாட்டு. நம் அமைச்சர் அதைச் சொல்லி ஏற்கெனவே நான்கு முறை மகிழ்ந்துவிட்டார். நமக்கு அதில் களிப்பில்லை. நாம் சொல்ல வந்தது கோரைமங்கலத்தைப் பற்றி.

கோரைமங்கலம் உன் மண்டலத்தின் தென்கோடி ஊர். கண்ணகல் ஏரியின் கரையடியில் இருப்பது. ஏழு தெரு, அதில் ஐந்து தெரு முழுவதும் உன் ஆட்கள் அகப்பை வரைந்தார்கள். அவ்வூர் வழக்கம் ஒன்றை உனக்கு நினைவூட்டுகிறோம். ஏரிக்கரை கசிந்தால் தலையாரி பறையோடு ஏழு தெருவும் போவான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, கரை அழைக்கிறது என்று ஒருமுறை சொல்வான். சொன்னதும் அவ்வீட்டிலிருந்து ஓராள் ஒரு கூடையோடு இறங்க வேண்டும். அழையாத வீட்டார் இறங்குவதில்லை. சாவு வீடும் பிள்ளைபெற்ற வீடும் அழைப்பிலிருந்து விலகியவை என்பதால் பறை நிற்காத வாசலாரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கம் நம் பாட்டனார்க்கும் முந்தியது.

ஐப்பசி பன்னிரண்டாம் நாள், நான்கு நாள் அடைமழை விட்டு, உச்சி சாய்ந்த வேளையில் கரையின் வடமூலையில் நீர் ஊறியது. தலையாரி சேந்தன் பறையை எடுத்தான். இருபத்தாறாண்டு அந்த வேலையைப் பார்த்தவன். ஒரு கைப்பிடி நெல்லும் முறைதவறி வாங்காதவன் என்று ஊரே சான்று சொல்லியிருக்கிறது. குறி பெற்ற வீட்டார்க்கு ஏரிக் காரியத்தில் பங்கில்லை என்ற உன் வரியைக் கோயில் வாசலில் நின்று உரக்கப் படித்தவனும் அவனே. பங்கில்லாதவரை ஏரிக்கு அழைத்தால் ஆணை மீறியவன் ஆவேனோ என்று அஞ்சினான். ஆகவே குறியில்லாத வாசல்களில் மட்டும் நின்றான். குறியுள்ள வாசல்களைப் பறை ஒலிக்கக் கடந்து போனான்.

தம்பி, இதைக் கேள். ஐந்து தெருவிலும் மக்கள் பறையைக் கேட்டார்கள். கேட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். இருநூற்றெழுபது வீட்டார், ஒவ்வொருவரும் தம் வாசலில் பறை நிற்குமென்று நின்றார்கள். அதற்கு முந்திய கிழமைதான் ஏரியில் கோரை அரியப் போன ஒருவனை, உனக்கு இங்கே என்ன பங்கு என்று வாரியத்தார் விரட்டியிருந்தார்கள். பறை நிற்கவில்லை. அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு கூடையோடு நின்றார்கள்.

அழைக்கப்பட்ட வீடுகள் நாற்பத்தொன்று. அந்த வீடுகள் எப்போதும் தம் பண்ணையாட்களையே கரைக்கு அனுப்பும். பண்ணையாட்களோ குறியுள்ள தெருக்களில் அழைப்பை எதிர்பார்த்து நின்றார்கள். கரைக்கு வந்து சேர்ந்தவர் பத்தொன்பது பேர். அவர்களுள் கூடையைத் தலையில் வைக்கும் வகை அறிந்தவர் மூவர்.

அவ்வூரின் மடைகாப்பான் எயினன் என்பவன். ஏரி நிறைந்து கரை தாங்காதபோது நீருள் மூழ்கி மடைக்கல்லை நீக்குவது அவன் குடிவேலை. அதற்கு ஆண்டுக்கு இருபத்துநான்கு கலம் நெல் பெறுகிறான். இருபத்துநான்கு நூறுக்குக் குறைவு என்பதால் அவன் கதவிலும் அகப்பை வரையப்பட்டது. அவன் வாசலையும் பறை கடந்தது. அவன் மனைவி வெண்ணி அவனைத் தடுத்ததாகவும், அழையாமல் போனால் தண்டம் வருமே என்று சொன்னதாகவும், அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, ஏரிதான் அவர்களுடையது, மடை என் பொறுப்பு என்று சொல்லிப் போனதாகவும் அறிந்தோம். மூன்று கற்களில் இரண்டை நீக்கினான். நீர் இறங்கியது. கரை நின்றது. அவன் மேலே வரவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வழக்கமாக நால்வர் நிற்பார்கள். அன்று அதைப் பிடித்திருந்தவர் எண்ணெய் வணிகர் ஒருவர், அதுவரை அக்கயிற்றைத் தொட்டறியாதவர். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்து போகுமட்டும் விடாமல் பிடித்திருக்கிறார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நம் நாட்டில் சொல்வார்கள். கோரைமங்கலத்தில் தலைக்கு மேல் வெள்ளம் நின்ற அன்றும் யார் சாண், யார் முழம் என்று நாம் அளந்துகொண்டிருந்தோம்.

ஊரைக் காத்து உயிர்விட்டவன் வீட்டுக்கு உதிரப்பட்டியாகக் கால்வேலி நிலம் இறையிலியாகத் தருவது நாட்டு முறை. வெண்ணி கேட்டாள். உன் வரி அதிகாரி மறுத்தான். ஏற்கெனவே இறை செலுத்தாத வீட்டுக்கு இறையிலி நிலமும் கொடுத்தால் அது ஆணையின் கருத்துக்கு மாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்த ஓலை நறுக்கு நம்மிடம் இருக்கிறது. அவனும் கெட்டவன் அல்லன். சொன்னதைச் சொன்னபடி செய்பவன். நாம் ஆளும் நாடு இத்தகைய நல்லவர்களால் நிறைந்திருக்கிறது என்பதை எண்ணும்போதுதான் நமக்கு அயர்ச்சி மிகுகிறது.

கார்த்திகை மூன்றாம் நாள் முற்பகலில் வாயிற்காவலன் வந்து, ஒருத்தி கதவொன்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நிற்கிறாள், விறகு விற்பவள் என்று எண்ணி விரட்டினேன், போக மறுக்கிறாள் என்றான். உள்ளே விடச் சொன்னோம். வந்தவள் வெண்ணி. நான்கு நாள் வழிநடை. கதவு புன்னை மரம். ஓராள் சுமக்கும் சுமையன்று. ஏன் சுமந்தாய் என்று கேட்டோம். அவள் சொன்ன மறுமொழியை நம் நடையில் மாற்றாது அவள் வாய்மொழியாகவே எழுதும்படி எழுதுவானுக்குக் கட்டளையிட்டோம். அது இது: “இந்தக் குறிய யாரும் அழிக்கக் கூடாதுன்னு ஓலையில இருக்குதாம் சாமி. அழிச்சாப் பன்னெண்டு பணம். என்கிட்ட இல்ல. ஓலை போட்டவருக்கு அண்ணன் நீங்கன்னாங்க. நீங்க அழிச்சாத் தண்டம் கிடையாதில்ல? அதான் கதவையே கழட்டிக் கொண்டாந்துட்டேன்.”

 நாம் முதலில் நிலத்தைப் பேசினோம். கால்வேலி அன்று, அரைவேலி தருகிறோம் என்றோம். அவள் கைகூப்பி ஏற்றுக்கொண்டாள். ஏற்றபின் ஒன்று வேண்டினாள். அந்த நிலத்துக்கு இறை விதிக்க வேண்டும் என்றாள். நாம் கேட்டது சரிதானா என்று மறுமுறை சொல்லச் சொன்னோம். “இறை போட்டுக் குடுங்க. கட்டிடறேன். எம்புள்ளைங்க கதவுல நாளைக்கு ஒருத்தன் வந்து கரியத் தொட்டு எழுதக் கூடாது” என்றாள். இறையை நீக்கு, குறை, தள்ளிவை என்று நம் காலில் விழுந்தவர்களை எண்ணி முடியாது. விதி என்று கேட்டவளை அன்றுதான் கண்டோம்.

நம் வரி அமைச்சர் அவளுக்குச் சட்டத்தை விளக்கினார். அரைவேலியில் நூறு கலம் விளையாது. ஆகவே வருவாய் இறை விதிக்க வழியில்லை. இது உன் நன்மைக்காக முன்னைய அரசர் செய்தது என்றார். அவள் அதை முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “அப்ப நாங்க என்ன பண்ணாலும் உங்க கஞ்சியக் குடிக்கிறவங்கதானா?” என்றாள். அதில் சினமில்லை. அறியாத ஒன்றை அறிய வேண்டிக் கேட்டாள். நம் அவையில் பதினான்கு பேர் புலவர் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பதினான்கு பேரும் கூரையைப் பார்த்தார்கள். 

கதவைக் கீழே சாய்க்கச் சொல்லி, ஈரத்துணி கொண்டு நாமே துடைத்தோம். முழங்கால் மடங்காததால் இருவர் பிடித்துக்கொண்டார்கள். விளக்கெண்ணெய்க் கரி மரத்துள் ஊறியிருந்தது. சாம்பல் இட்டுத் தேய்த்தோம், புளி இட்டுத் தேய்த்தோம், மங்கியதேயன்றிப் போகவில்லை. தச்சனை அழைத்து இழைக்கச் சொல்லலாம் என்றோம். இழைத்தால் பலகை மெலியும், மழைக்குத் தாங்காது, இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். உன் மண்டலத்தில் இவ்வாறு வரையப்பட்ட கதவுகள் பதினோராயிரம் என்று உன் ஓலையிலேயே பெருமையாக எழுதியிருக்கிறாய்.

ஆகவே உன் விண்ணப்பத்தின்மேல் நம் முத்திரை பதியாது. அதற்கு மாறாக நாம் கட்டளையிடுவது யாதெனில்:

ஆவணியில் பிறந்த அந்த ஆணை இன்றோடு இறந்தது. அதை எந்தக் கோயில் வாசலில் படித்தார்களோ அந்த வாசல்களிலேயே அது இறந்த செய்தியையும் படிக்க. அகப்பைக் குறிகளை உன் அதிகாரிகள் தம் கையால் தேய்க்க. குடிகளை ஏவுதல் ஆகாது. குறி போகாத கதவுக்கு ஈடாகப் புதுக் கதவு உன் இறையிலி ஊர்களின் காட்டுமரத்தில் செய்து தருக. வேண்டாம் என்பவரை வற்புறுத்தற்க. இறை அளப்பவனும் அளக்காதவனும் எப்போதும்போல் குடத்தில் ஓலை இடுக. தலையாரி சேந்தனைத் தண்டிக்கக் கூடாது. அவன் தன் பறையை ஊர்ச்சாவடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு கவளமும் உண்ணாதிருக்கிறான் என்று கேள்வி. அவனை உண்ணச் செய்க. வெண்ணிக்கு அரைவேலி நிலம் உதிரப்பட்டியாக, உன் அதிகாரி மறுத்த நறுக்கின் மறுபுறத்திலேயே எழுதி அளிக்க. அதில் இறையிலி என்ற சொல் வேண்டாம். எயினன் மூழ்கி முன்னமே செலுத்திவிட்ட நிலம் என்று எழுதுக. நம் அமைச்சர் அப்படியொரு வகை ஏட்டில் இல்லை என்றார். இன்றுமுதல் உண்டு என்றோம்.

தையில் நாட்டார் கூடுவது பற்றி உன் மனம் துடிக்கும், அறிவோம். நாம் அவர்களிடம் உனக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. உன்னைவிட நல்ல குதிரைவீரன் நாட்டில் இல்லை. நாமும் இந்த இருக்கையை விட்டு இறங்கக் காத்திருக்கிறோம். ஆனால் அதற்கு முன் நீ கோரைமங்கலத்துக்குப் போக வேண்டும். குடையின்றி, குதிரையின்றி, ஐந்து தெருவும் நடந்து போக வேண்டும். வெண்ணியின் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். உனக்கு மட்டும் இதை விதிக்கிறோம் என்று எண்ணி மனம் கசக்காதே. இதுவரை நாம் என்று எழுதி வந்தேன். இந்த ஒன்றை அப்படி எழுதக் கை வரவில்லை.

உன் விருந்தில் நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது தலைப்பந்தியில் இருந்தது நான். கூடம் உடனே சிரிக்கவில்லை, எழினி. நீ அன்று களிப்பிலிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். சொல்லி முடித்ததும் ஒரு கணம் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அரசன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று. நான் சிரித்தேன். பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள். வார்த்தை நன்றாயிருந்தது, உணவும் நன்றாயிருந்தது, வேறொன்றும் நான் எண்ணவில்லை. வெண்ணி புறப்படும்போது அவையோரை விலக்கிவிட்டு இதை அவளிடம் சொன்னேன். சொல்லி, பொறுத்துக்கொள் அம்மா என்று கேட்டேன். அவள் என்னை வையவில்லை, அழவில்லை.  குனிந்து கதவின் ஒரு முனையைத் தூக்கினாள். காவலன் மறுமுனையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டான். வண்டி தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையசைத்து, வந்த வழியே போய்விட்டாள். பொறுத்தேன் என்று அவள் சொல்லவில்லை.

நீ போய்க் கேள். உனக்கு அவள் அதைச் சொன்னால், அன்றே ஆளனுப்பி எனக்குத் தெரிவி.

கார்த்திகை இருபதாம் நாள், வெயிலேறிய மூன்றாம் நாழிகையில், அரசர் சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் கூட்டாது குறைக்காது எழுதினேன், கீழைக்கூட எழுதுவான் கீரங்கொற்றன். படித்துக் காட்டக் கேட்டுத் தன் கையால் மெழுகில் முத்திரை அழுத்தினார், இருகரை நாட்டுக் கோ நெடுவேள் ஆதன். இவ்வோலை வழியில் எங்கும் பிரிக்கப்படாது இளவேள் கைக்கே சேர்க. சேர்ந்தபடி செய்க.